எரிந்த பெஞ்சும் தையல் எந்திரமும்: நெய்யாற்றின்கரை – பாறசாலை எல்லையில் ‘திறன்’ என்னும் சொல்லின் வரலாறு

களியக்காவிளைச் சந்தையிலிருந்து மேற்கே நடந்தால் சிறிது தொலைவிலேயே தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கிவிடும். இஞ்சிவிளை, பாறசாலை, அதற்கப்பால் நெய்யாற்றின்கரை. காலையில் சீருடையணிந்த பிள்ளைகள் இரு திசைகளிலும் எல்லையைக் கடக்கிறார்கள். ஒரு பக்கத்துப் பள்ளியில் ‘நான் முதல்வன்’ திட்டச் சுவரொட்டி. மறு பக்கத்துப் பள்ளியில் ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றத்தின் அறிவிப்பு. இரண்டும் ஏறத்தாழ ஒரே உறுதியைத்தான் தருகின்றன: நாளைய வேலைச் சந்தைக்கு இன்றே மாணவரை அணியப்படுத்துவோம்.

இந்த உறுதிமொழியைப் புதியதென்றே நாம் கருதிவருகிறோம். கல்வியியல் கருத்தரங்குகளில் ‘இருபத்தோராம் நூற்றாண்டுத் திறன்கள்’ என்று பேசுவோர் பலரும் அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் இக்கேள்வியே எழவில்லை என்பதுபோல் பேசுகின்றனர். ஆனால் இந்தச் சிறு எல்லைப் பகுதியில் மட்டும், பள்ளி எந்த வேலைக்கு யாரை உருவாக்க வேண்டும் என்ற வழக்கு இருநூறு ஆண்டுகளாக நடந்துவருகிறது. அதற்காகப் பள்ளி எரிந்திருக்கிறது. வயல்கள் தரிசாகக் கிடந்திருக்கின்றன. எல்லைக்கு அப்பால் ஓர் அரசின் கல்வித் திட்டமே கைவிடப்பட்டிருக்கிறது. அவ்வழக்கின் சில கட்டங்களை இங்கே வரிசைப்படுத்த முயல்கிறேன். என் வாதம் எளியது: கையால் உழைத்த மக்கள் எக்காலத்திலும் திறன்கல்வியை எதிர்க்கவில்லை. எந்தக் கைக்கு எந்தத் திறன் என்பதைப் பிறப்பைக் கொண்டு பள்ளியே முடிவுசெய்வதைத்தான் எதிர்த்தனர்.

1. பள்ளிக்கு முன் திறன்

நெய்யாற்றின்கரை வட்டத்தின் பாலராமபுரம் இன்று கசவுக் கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர். திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மாவின் ஆட்சியில் (1798–1810), திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால், தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் நெசவுக் குடும்பங்கள் அங்கே குடியமர்த்தப்பட்டன. ஊருக்கு மன்னரின் பெயரே நிலைத்தது. குழித்தறியில் அமர்ந்து நெய்யும் அத்தொழில் தந்தையிடமிருந்து மகனுக்கும், தாயிடமிருந்து மகளுக்கும் சென்றது. பாவு ஓட்டுவதும், ஊடை கோப்பதும், கஞ்சி தோய்ப்பதும் வீட்டிலேயே கற்கப்பட்டன. தனக்குத் தேவைப்பட்ட தேர்ந்த உழைப்பாளரை ஓர் அரசு அயலிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவித்துக்கொண்ட நிகழ்வு இது. திறன் என்பது குடும்பத்தின் சொத்து. ஆகவே சாதியின் அடையாளம். அதைப் பொதுவாகக் கற்பிக்கும் இடம் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அன்று எழவில்லை.

அவ்வெண்ணத்தின் முதல் அரசுப் பதிவு 1817இல் காணப்படுகிறது. ஆட்சிப் பொறுப்பிலிருந்த ராணி கௌரி பார்வதி பாய் வெளியிட்ட ஆணை, குடிமக்களின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்றது. இந்திய நிலப்பகுதியில் இவ்வளவு முற்பட்ட ஆணைகள் அரியவை. அதன் நோக்கத்தையும் கூர்ந்து நோக்க வேண்டும்: கல்வி பெற்றவர்கள் மேம்பட்ட குடிமக்களாகவும் அரசுப் பணியாளர்களாகவும் ஆவர் என்பதே அதன் எதிர்பார்ப்பு. ஆக, தென் திருவிதாங்கூரில் அரசுக் கல்வியின் பிறப்புச் சான்றிதழிலேயே ‘வேலை’ என்ற சொல் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த வேலைக்கு உரியவர் யார் என்பதை மட்டும் ஆணை கூறவில்லை. சாதி வழக்கமே அதைக் கூறிவிடும் என்பதால் கூற வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அதே காலத்தில் லண்டன் மிஷன் சங்கம் நாகர்கோவிலிலும், பின்னர் நெய்யூரிலும், 1845 முதல் பாறசாலையிலும் தன் நிலையங்களை அமைத்தது. பாறசாலையில் ஜான் ஆப்ஸ் நெடுங்காலம் பணியாற்றினார். மிஷன் பள்ளிகளோடு அச்சுத்தொழில், புத்தகக் கட்டுமானம் போன்ற தொழில்களும் வந்தன. பெண்களுக்கான பள்ளிகளில் லேஸ் பின்னலும் பூத்தையலும் கற்பிக்கப்பட்டன. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் தொடங்கிய லேஸ் பயிற்சியில் ஈட்டிய ஊதியத்தைக் கொண்டு அடிமைநிலையிலிருந்த சில பெண்கள் தம் விடுதலையையே விலைகொடுத்துப் பெற்றனர் என்று மிஷன் பதிவுகள் கூறுகின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1855இல்தான் என்பதை நினைவிற்கொண்டால், ஊசியும் நூலும் அப்பெண்களுக்கு என்னவாக இருந்தன என்பது விளங்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. லேஸ் பின்னல் அப்பெண்களின் குலத்தொழிலன்று. அவர்கள் பிறப்பு விதித்த வேலை வயலில் இருந்தது. பள்ளி அவர்களுக்குப் பிறப்பு தராத ஒரு திறனைத் தந்தது; அதன் ஊதியம் அவர்கள் கைக்கே வந்தது. இவ்விரண்டும் சேர்ந்தபோதுதான் திறன் விடுதலைக்கு உதவியது. பிற்காலத்தில் அதே லேஸ் பின்னல் குறைந்த கூலிக்கு வீட்டில் செய்யும் பெண்வேலையாகச் சுருங்கியதையும் மறைக்க வேண்டியதில்லை. ஊதியத்தின் மீதும் சந்தையின் மீதும் உரிமை இல்லாதபோது, அதே திறன் அதே கையைக் கட்டிப்போடவும் செய்யும்.

2. ஊருட்டம்பலத்துப் பெஞ்சு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் வேலைச் சந்தை என்பது பெரும்பாலும் அரசுப் பணியே. 1891ஆம் ஆண்டின் மலையாளி மெமோரியலும், 1896ஆம் ஆண்டின் ஈழவ மெமோரியலும் அரசுப் பணியில் பங்கு கேட்டு எழுந்த மனுக்கள். மருத்துவம் படித்துத் தேறிய டாக்டர் பல்ப்புவுக்குச் சாதியின் பெயரால் திருவிதாங்கூரில் வேலை மறுக்கப்பட்டு, அவர் மைசூர் அரசுப் பணிக்குச் சென்றதும் இக்காலத்தில்தான். தகுதி இருந்தும் கதவு திறக்காது என்பதற்கு அது சான்று. ஆனால் தகுதி பெறுவதற்கான கதவே திறக்காத ஒரு பெருங்கூட்டம் அவர்களுக்கும் கீழே இருந்தது.

நெய்யாற்றின்கரை வட்டத்து வெங்கானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி எழுதப்படிக்கக் கற்றவரல்லர். தம் மக்களின் பிள்ளைகளுக்காக அவர் தொடங்கிய குடிப்பள்ளிக்கூடம் அழிக்கப்பட்டது. 1907இல் அவர் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். புலையர் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளில் சேர்க்கலாம் என்று திவான் பி. ராஜகோபாலாச்சாரி காலத்தில் ஆணைகள் பிறந்தன. ஊர்ப் பள்ளிகளின் வாசலில் அவ்வாணைகள் செல்லுபடியாகவில்லை.

அதற்கு அய்யன்காளி கண்ட வழி இந்தியத் தொழிலாளர் வரலாற்றிலும் கல்வி வரலாற்றிலும் ஒருசேர வைத்துப் படிக்கத்தக்கது. எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமில்லையேல் உங்கள் வயல்களில் நாங்கள் இறங்கமாட்டோம் என்ற வேலைநிறுத்தம் அது. நிலவுடைமையாளர்கள் தாமே சேற்றில் இறங்கிப் பார்த்தும் பயிர் நடக்கவில்லை. வேலையின்றிப் பட்டினி கிடந்த குடும்பங்களுக்கு விழிஞத்து மீனவர்கள் துணைநின்றனர். கடலுக்குச் சென்ற படகுகளில் அவர்களுக்கு இடம் கொடுத்தனர். கூலியும் ஓய்வும் கேட்ட அப்போராட்டத்தின் தலையாய கோரிக்கையாகப் பள்ளிக்கூடம் இருந்தது என்பதை ஆய்வு மாணவர்கள் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும். உலகின் வேறு பல இடங்களில் தொழிலாளர் எழுச்சியும் கல்வி உரிமையும் தனித்தனி அத்தியாயங்கள். இங்கே அவை ஒரே வாக்கியம்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்போம். அதை மிகத் தெளிவாக எழுதிவைத்தவர் ஒரு பழமைவாதியல்லர். திருவிதாங்கூர் நிருவாகத்தின் ஊழலை அஞ்சாது எழுதி, 1910 செப்டம்பரில் நாடுகடத்தப்பட்டுத் திருநெல்வேலிக்கு அனுப்பப்பட்ட ‘சுதேசாபிமானி’ ஆசிரியர் கே. ராமகிருஷ்ண பிள்ளை அவர். நெய்யாற்றின்கரைக்காரர், பின்னர் 1912இல் கார்ல் மார்க்சின் வாழ்க்கை வரலாற்றை மலையாளத்தில் எழுதியவர். அதே மனிதர் 1910இல், தலைமுறை தலைமுறையாக அறிவைப் பண்படுத்திய சாதியின் பிள்ளைகளையும், தலைமுறை தலைமுறையாக நிலத்தைப் பண்படுத்திய சாதியின் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் அமர்த்துவது குதிரையையும் எருமையையும் ஒரு நுகத்தில் பூட்டுவதற்கு ஒப்பாகும் என்ற பொருள்பட எழுதினார்.

இவ்வுவமையை வெறும் வசையென்று ஒதுக்கிவிட்டால் அதன் ஆபத்தைத் தவறவிடுவோம். அதற்குள் ஒரு கல்விக் கோட்பாடு இருக்கிறது: திறன் பிறப்பில் ஊறி வருவது, பள்ளியின் கடமை அதை அறிந்து தரம்பிரிப்பது. முற்போக்கான ஓர் எழுத்தாளருக்கே அது இயல்பான உண்மையாகத் தோன்றியிருக்கிறது. அக்கோட்பாட்டைப் பின்னர் வேறு உடைகளிலும் காண்போம்.

1914இல் அய்யன்காளி, பூசாரி அய்யனின் மகள் பஞ்சமி என்ற சிறுமியை அழைத்துக்கொண்டு ஊருட்டம்பலம் பள்ளிக்குச் சென்றார். சேர்க்கைக்கு எதிராகக் கலவரம் மூண்டது, சுற்றுவட்டாரத்துக்கும் பரவியது. பள்ளிக்குத் தீ வைக்கப்பட்டது. பாதி எரிந்து எஞ்சிய ஒரு பெஞ்சு இன்றும் அப்பள்ளியில் பாதுகாக்கப்படுகிறது. 2022இல் கேரள அரசு அப்பள்ளிக்கு அய்யன்காளி – பஞ்சமி பெயரைச் சூட்டியது. கருகிய அந்தப் பலகை கல்வி வரலாற்றின் முதன்மைச் சான்றாவணம் என்றே நான் கருதுகிறேன். அந்தச் சிறுமி பெஞ்சில் அமர்ந்து என்ன கற்கப்போகிறாள் என்று தீ வைத்தவர்கள் கேட்கவில்லை. அவள் அமர்வதே போதுமான குற்றமாயிருந்தது.

3. பத்து பி.ஏ.க்களும் ஒரு தையல் எந்திரமும்

1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியாயிற்று. அதையொட்டிப் பயணம் மேற்கொண்ட காந்தி 1937 சனவரியில் வெங்கானூருக்கு வந்து அய்யன்காளியைச் சந்தித்தார். முதுமையடைந்திருந்த அய்யன்காளி வெளியிட்ட விருப்பம் பரவலாகப் பதிவாகியுள்ளது: தாம் கண்மூடுவதற்குள் தம் மக்களில் பத்துப் பேர் பி.ஏ. பட்டம் பெறுவதைக் காண வேண்டும். நெசவுச்சாலையையோ நிலத்தையோ அவர் அன்று கேட்கவில்லை. பட்டம் கேட்டார்.

அதே ஆண்டு அக்டோபரில் காந்தி வார்தாவில் கல்வி மாநாட்டைக் கூட்டினார். ஏழாண்டு இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழிவழிப் பயிற்றுமொழி, ஒரு கைத்தொழிலை நடுவமாகக் கொண்ட பாடத்திட்டம் என்பவை அங்கே முன்வைக்கப்பட்டன. ஜாகிர் உசேன் குழு அதற்கு வடிவம் தந்தது. ஆதாரக் கல்வி, நயீ தாலீம் என்றெல்லாம் அது அறியப்படும். ஒரே ஆண்டின் இவ்விரு கோரிக்கைகளையும் அருகருகே வைத்தால் ஒரு முரண் தெரியும். ஏட்டுக்கல்வியே கண்டவர்களுக்குக் கைவேலை புதிய அறிவாகத் தோன்றியது. கைவேலையே விதிக்கப்பட்டவர்களுக்கு ஏடுதான் புதிய அறிவு. இருவரும் தம்மிடம் இல்லாததைக் கேட்டனர். இரண்டும் நியாயமான கேட்பே.

இம்முரணைத் தம் வாழ்நாள் பணியாகச் சுமந்த ஒருவர் நெய்யாற்றின்கரையிலிருந்தே வந்தார். ஜி. ராமச்சந்திரன் (1904–1995) சாந்திநிகேதனில் பயின்ற இளைஞராக 1924இல் டெல்லியில் காந்தியைச் சந்தித்தார். எந்திரங்கள் அனைத்தையும் எதிர்க்கிறீர்களா என்று அவர் தொடுத்த வினாக்களும் காந்தியின் விடைகளும் ‘யங் இந்தியா’வில் வெளிவந்து புகழ்பெற்றன. தம் எதிர்ப்பு எந்திரத்தின் மீதான வெறிக்கே என்றார் காந்தி. உழைப்பை மிச்சப்படுத்துகிறோம் என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோரைத் தெருவில் நிறுத்தும் போக்கையே தாம் மறுப்பதாக விளக்கினார். சிங்கர் தையல் எந்திரத்தை அவர் விலக்காக ஏற்றுக்கொண்டார். மனைவி கைவருந்தித் தைப்பதைக் கண்டு, அன்பினால் ஒருவர் செய்த கருவி என்பது அவர் தந்த காரணம். ராமச்சந்திரன் விடவில்லை. அத்தையல் எந்திரத்தைச் செய்ய ஒரு தொழிற்சாலை வேண்டுமே, அதற்கு விசையால் இயங்கும் எந்திரங்கள் வேண்டுமே என்று கேட்டார். காந்தி அதையும் ஒப்புக்கொண்டு, அத்தகைய ஆலைகள் அரசின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்றார்.

இருபது வயது மாணவர் ஒருவரின் குறுக்குவிசாரணை அது. எதிர்காலத் தொழில்நுட்பம் பற்றிப் பேசும் எந்த வகுப்பறையிலும் இன்றும் அதைப் பாடமாக வைக்கலாம். கருவி நல்லதா தீயதா என்ற வினாவை அது விரைவில் கடந்துவிடுகிறது. கருவி யாருடைய உழைப்பைக் குறைக்கிறது, யாருக்கு உரிமையானது, அதைச் செய்யும் ஆலையை யார் நடத்துகிறார் என்ற வினாக்களில் நிலைகொள்கிறது.

ராமச்சந்திரனும் அவர் துணைவியார் டாக்டர் டி. எஸ். சௌந்தரமும் 1947இல் திண்டுக்கல்லை அடுத்த சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தை நிறுவினர். நெய்யாற்றின்கரை எழுப்பிய வினாவுக்குத் தமிழ்நாட்டு மண்ணில் நடந்த சோதனை என்று அதைச் சொல்லலாம். ஆதாரக் கல்வி நாடெங்கும் எந்நிலையில் உள்ளது என ஆராய நடுவண் அரசு அமைத்த மதிப்பீட்டுக் குழுவுக்கும் அவரே தலைவரானார். அறிக்கை 1956இல் வந்தது. ஆயினும் ஆதாரக் கல்வி தளர்ந்தது. நகரத்து மேல்தட்டுப் பிள்ளைகள் வழக்கமான பள்ளிக்கும், கிராமத்து ஏழைப் பிள்ளைகள் நூற்புப் பள்ளிக்கும் செல்லும் இரட்டைத்தடம் உருவானபோதே அதன் விதி ஏறத்தாழ முடிவாகிவிட்டது. எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவென்று கருதப்பட்ட கைத்தொழில், சில குழந்தைகளுக்கு மட்டுமான அடையாளமாயிற்று.

இதற்கிடையே மூன்றாவது குரல் ஒன்றும் இவ்வட்டத்தோடு தொடர்புடையது. 1888இல் நெய்யாற்றங்கரையில் அருவிப்புரத்துப் பிரதிட்டையால் வரலாற்றில் இடம்பெற்ற நாராயண குரு, 1928 சனவரியில் சிவகிரி யாத்திரைக்கு எட்டு நோக்கங்களை ஏற்பளித்தார். கல்வி, தூய்மை, இறைபக்தி, அமைப்பு, வேளாண்மை, வணிகம், கைத்தொழில், தொழில்நுட்பப் பயிற்சி என்பன அவை. ஒரு புனித யாத்திரையின் குறிக்கோளாகத் தொழில்நுட்பப் பயிற்சி இடம்பெறுவது அரிது. பட்டியலின் ஒழுங்கும் பொருள் பொதிந்தது: கல்வி முதலில், தொழில்நுட்பம் இறுதியில், இடையில் அமைப்பும் வணிகமும். திறனை மட்டும் பெற்று, அமைப்பும் சந்தையும் இல்லாதவர் கூலியாளாகவே நிற்பார் என்ற புரிதல் அதில் உள்ளடங்கியிருப்பதாக நான் வாசிக்கிறேன்.

4. அரைநாள் பள்ளி

தென் திருவிதாங்கூர்த் தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு போராடிக்கொண்டிருந்த ஆண்டுகளில், அச்சென்னை மாநிலத்திலேயே நம் வழக்கின் மற்றொரு கட்டம் நடந்தது. 1953இல் முதலமைச்சர் ராஜாஜி ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்குத் திருத்திய கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். பள்ளி நாளொன்றுக்கு மூன்று மணிநேரம், எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்றல் என்பது அதன் சாரம். இடப்பற்றாக்குறையும் நிதிப் பற்றாக்குறையும் காரணங்களாகக் காட்டப்பட்டன. கைத்தொழிலின் மேன்மையும் பேசப்பட்டது. பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் அதைக் குலக்கல்வி என்றழைத்து எதிர்த்தனர். அப்பெயரே வரலாற்றில் நின்றுவிட்டது.

இத்திட்டத்தைக் காந்தியின் ஆதாரக் கல்வியோடு ஒன்றாக்கிப் பேசுவோர் உண்டு. அது பிழை. வார்தாத் திட்டத்தில் தொழில் பள்ளிக்குள் இருந்தது. எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாக இருந்தது. அதைக் கற்பித்தவர் ஆசிரியர். 1953ஆம் ஆண்டுத் திட்டத்தில் தொழில் பள்ளிக்கு வெளியே சென்றது. தந்தையின் தொழிலாக மாறியது. ஆசிரியர் இடத்தில் சாதி அமர்ந்தது. துணி வெளுப்பவர் மகனுக்கு அரைநாள் வெளுப்பு, கணக்கர் மகனுக்கு அரைநாள் கணக்கு. குதிரையும் எருமையும் ஒரே வகுப்பில் காலை மூன்று மணிநேரம் இருக்கலாம்; பிறகு அவரவர் நுகத்துக்குத் திரும்ப வேண்டும். நெய்யாற்றின்கரைப் பத்திரிகையாளர் 1910இல் எழுதிய கோட்பாடு, தேசியத் தலைவர் ஒருவரின் நல்லெண்ணத்தின் வழியாகவே மீண்டும் வந்தது.

1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் இணைப்புப் போராட்டக்காரர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழ்நாட்டில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கோரப்பட்டும் கேரளத்திலேயே தங்கியது. எல்லைக்கோடு வரையப்படுவதற்கு ஈராண்டுக்கு முன்பே அரைநாள் பள்ளி ஒழிந்துவிட்டமையால், விளவங்கோட்டுப் பிள்ளைகள் அதற்குள் நுழைய நேரவில்லை. அவர்கள் சேர்ந்தது மதிய உணவு தொடங்கிய காலத்துப் பள்ளிகளில். காலத்தின் இச்சிறு இடைவெளி ஒரு மாவட்டத்தின் கல்வி வரலாற்றில் எவ்வளவு பொருளுடையது என்பது தனி ஆய்வுக்குரியது.

5. இரண்டாவது கதவு

1956க்குப் பின் எல்லையின் இருபுறமும் திறன்கல்வி பல பெயர்களில் வந்துபோயிற்று. கோத்தாரி ஆணையம் (1964–66) அதைப் பணி அனுபவம் என்றது. 1977இல் ஈசுவர்பாய் படேல் குழு சமூகப் பயனுள்ள உற்பத்திப் பணி என்றது. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது தொழிற்பிரிவும் உடன் வந்தது. கேரளத்தில் 1983–84இல் தொழிற்கல்வி மேல்நிலைப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. ஆசிரியர்கள் உழைத்தனர், நல்ல பயிற்சியும் பல இடங்களில் கிடைத்தது. எனினும் முதல் கதவில் இடம் கிடைக்காதவர்க்கான இரண்டாவது கதவாகவே சமூகம் அதைக் கண்டது. மதிப்பெண் குறைந்த மாணவர், அதாவது பெரும்பாலும் கல்விப் பின்னணியற்ற வீட்டு மாணவர், தொழிற்பிரிவுக்கு அனுப்பப்பட்டார். சாதியின் பெயரைச் சொல்லாமலேயே மதிப்பெண் பட்டியல் அந்த வேலையைச் செய்துமுடித்தது.

பாலராமபுரத்துத் தறிகளுக்கு நேர்ந்ததும் இங்கே நினைக்கத்தக்கது. கேரள அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கைத்தறிச் சீருடை வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. நெசவாளர்க்கு அது வேலையும் தந்தது. பிள்ளைகள் தறியில் நெய்த துணியை அணிந்து வகுப்பில் அமர்கின்றனர். அத்துணியின் கணக்கு, பாவின் இழை எண்ணிக்கை, சாயத்தின் வேதியியல், கூலியின் பொருளியல் ஆகியவை அவர்கள் பாடநூலுக்குள் வரவில்லை. உடலில் இருப்பது அறிவாக ஏற்கப்படவில்லை. ஆதாரக் கல்வியின் சிறந்த கூறு இதுதான். நாம் இழந்ததும் இதையே.

6. இன்றைய பெஞ்சு

இப்போது தொடக்கத்தில் கண்ட சுவரொட்டிகளுக்குத் திரும்பலாம். கேரளம் 2001 வாக்கில் தொடங்கிய ஐ.டி.@ஸ்கூல் திட்டம் கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்தது. இன்று அது கைட் என்ற அரசு நிறுவனம். 2018 முதல் லிட்டில் கைட்ஸ் மன்றங்கள் இயங்குகின்றன. 2024இல் ஏழாம் வகுப்புப் பாடநூலில் செயற்கை நுண்ணறிவும், 2025இல் பத்தாம் வகுப்பில் அனைவர்க்கும் ரோபோட்டிக்சும் இடம்பெற்றன. தமிழ்நாடு 2022 மார்ச் 1இல் நான் முதல்வன் திட்டத்தைத் தொடங்கியது. தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆறாம் வகுப்பிலிருந்தே தொழிற்கல்வியைத் தொட வேண்டும் என்கிறது.

இவற்றை ஒட்டுமொத்தமாக வரவேற்பதும் ஒட்டுமொத்தமாக ஐயுறுவதும் எளிது. மேற்கண்ட வரலாறு நமக்குச் சற்றுக் கூரிய அளவுகோல்களைத் தருகிறது. முதலாவது ஊருட்டம்பலத்தின் அளவுகோல்: பெஞ்சில் எல்லாரும் அமர்கிறார்களா? பத்தாம் வகுப்பில் அனைவர்க்கும் ரோபோட்டிக்சு என்ற முடிவை நான் மதிப்பது இதனாலேயே. தேர்ந்தெடுத்த சிலர்க்கென்று நில்லாமல் எல்லார்க்கும் பொதுவாகக் கருவி கைக்கு வருவது பெருமாற்றம். இரண்டாவது 1953இன் அளவுகோல்: இத்திறன் பிள்ளையைப் பெற்றோரின் தொழிலிலிருந்து விடுவிக்கிறதா, அதற்குள்ளேயே அடைக்கிறதா? ஆறாம் வகுப்பில் பானை வனைதலும் தச்சும் கற்பிக்கப்படுமானால், அதை நகரத்து மருத்துவரின் மகளும் கற்கிறாளா என்று கேட்க வேண்டும். மூன்றாவது தையல் எந்திரத்தின் அளவுகோல்: கருவி யாருடையது? கட்டற்ற மென்பொருளில் கற்ற மாணவர் கருவியைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் உரிமை பெறுகிறார். விலைகொடுத்து வாங்கிய செயலியை இயக்க மட்டும் கற்றவர் நுகர்வோராகவே நிற்பார்.

எல்லையோரப் பிள்ளைக்கு நான்காவது அளவுகோல் ஒன்றும் உண்டு, அது மொழி. வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசும் பிள்ளை இரு மொழிகளையும் தன் திறனாகவே கொண்டுவருகிறது. எத்திறன் பட்டியலிலும் அதற்கு ஒரு வரி இல்லை. மாநிலங்கள் இரண்டும் அதைப் பாடத்திட்டத்தின் இடையூறாகக் காணும் வரை, இப்பகுதியின் மிகப் பழைய திறன் கணக்கில் சேராமலே இருக்கும்.

வெங்கானூருக்கு அருகேயே இன்று விழிஞம் துறைமுகம் இயங்குகிறது. 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. தானியங்கித் தொழில்நுட்பம் கொண்ட அதன் பாரந்தூக்கிகளைக் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து இயக்குவோரில் அப்பகுதிப் பெண்களும் உள்ளனர். ஒரு நூற்றாண்டுக்கு முன் வேலைநிறுத்தக்காரர்களுக்குப் படகில் இடம்கொடுத்த கடற்கரை அது. கடலரிப்பும் வாழிடமும் குறித்து அதே கடற்கரை மீனவர்கள் 2022இல் துறைமுகத்துக்கு எதிராக நீண்ட போராட்டம் நடத்தினர் என்பதும் உண்மை. பாரந்தூக்கி இயக்கும் மகளின் பெருமிதமும், கரை இழந்த தந்தையின் துயரமும் ஒரே வீட்டில் இருக்கக்கூடும். திறன்கல்வி முதலாவதைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நிறைவடைய முடியாது.

7. ஒரு வேண்டுகோள்

பழைய பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டியவர்களுக்குத் தெரியும்: மாணவர் பெயர், பிறந்த நாள், சாதி, தந்தையின் தொழில் என்று கட்டங்கள் இருக்கும். பள்ளியை விட்டுச் சென்றபின் அம்மாணவர் என்ன தொழில் செய்தார் என்பதற்குக் கட்டம் இல்லை. ஒரு பள்ளி தன் வாழ்நாளில் உண்மையாகச் செய்தது என்ன என்பது எழுதப்படாத அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது.

முதுகலை, ஆய்வு மாணவர்கள் சிலரேனும் இவ்வெல்லையின் இருபுறமும் ஒரு பள்ளியைத் தேர்ந்து, ஐம்பது ஆண்டுப் பதிவேடுகளை எடுத்து, உயிரோடிருக்கும் முன்னாள் மாணவர்களைத் தேடி அக்கட்டத்தை நிரப்பிப் பார்க்கலாம். தந்தையின் தொழிலுக்கும் மகளின் தொழிலுக்கும் இடையிலான தொலைவே பள்ளி தந்த திறனின் அளவு. பெரும் நிதி வேண்டாத ஆய்வு இது. முதியவர்கள் மறைவதற்குள் செய்ய வேண்டியதும் ஆகும்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை, விளவங்கோட்டுப் பகுதிகளின் மிஷன் பள்ளிகள், தறிப்பள்ளிகள், ஆதாரப் பள்ளிகள் பற்றிய குடும்ப நினைவுகளோ பழைய சான்றிதழ்களோ உங்களிடம் இருப்பின் பகிர்ந்துகொள்ளுங்கள். மேற்கூறியவற்றில் பிழை காண்போர் தயங்காது சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்வேன்.